பாண்டித்துரை நூல் நிலையம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருப்பூருக்கு வந்த பாண்டித்துரை, நிட்டிங் மெஷின் ஓட்டி ஓட்டி ஒரு காது மந்தமானதும் அந்த வேலையை விட்டார். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு எதிரே ஷட்டர் போட்ட ஒரு கடையைப் பிடித்து நூல் வியாபாரம் ஆரம்பித்தார். பெரிய வியாபாரம் என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆர்டர் முடிந்த பிறகு மூட்டைக்கு அடியில் கூம்பு அட்டையில் சுற்றியபடி நாலு கோன், ஐந்து கோன் என்று மிஞ்சிக் கிடக்கும் நூலை வாங்கி வந்து, சந்துக்குள் நாலு மெஷின் போட்டுப் பிழைக்கிற சின்ன யூனிட்காரர்களுக்கு விற்பார். அவர் மனைவி சித்ராதேவி தராசைப் பார்த்துக்கொள்வாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, கடனுக்கும் குறையில்லை, மொத்தத்தில் ஊரில் எல்லாரையும் போல இருந்தார்கள்.

கடைக்கு ‘பாண்டி யார்ன்ஸ்’ என்று இங்கிலீஷில் ஒரு போர்டு இருந்தது. ஒருநாள் ஓர் அதிகாரி வந்து, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், ஒரு வாரம் அவகாசம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாண்டித்துரை போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டார்.

“நூல் கடைன்னு எழுதிடுங்க.”

“கடைன்னு போட்டா பெட்டிக்கடை மாதிரி இருக்குமுங்க,” என்றார் போர்டு எழுதுகிறவர். “பால் நிலையம்ங்கறாங்க, காப்பி நிலையம்ங்கறாங்க. நூல் நிலையம்னு போட்டா கம்பீரமா இருக்குமுங்க.”

‘பாண்டித்துரை நூல் நிலையம்’ என்று நீலத்தில் மஞ்சள் எழுத்து எழும்பியது. அதிகாரி திரும்பி வந்து பார்த்து, நல்ல தமிழ், மற்றவர்களும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாராட்டினார். அரசாங்கம் பாண்டித்துரையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்த மாதம் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கதவில் ‘நூல் நிலைய நெறிப்பாட்டு ஆணையம்’ என்று எழுதியிருந்தது. இறங்கியவன் இளவயது ஆய்வாளன். பெயர் ரித்தீஷ், பொங்கலூர்ப் பக்கம். தேர்வெழுதி வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டைப் பையில் பேனா மூடியோடு இருந்தது.

“ஏனுங்க, நிலையப் பொறுப்பாளர் யாருங்க?”

“நாந்தான். என்ன கவுண்ட் நூல் வேணும்?”

“உரிமம் இருக்குதுங்களா?”

“ஜிஎஸ்டி இருக்கு.”

“அது இல்லீங்க. நூல் நிலையம் நடத்தறதுக்கு ஆணையம் தர்ற உரிமமுங்க.”

பாண்டித்துரைக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஒரு கோனைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். “தம்பி, இது பஞ்சுல நூத்த நூல். பனியன் துணி ஓட்டுறது. நீங்க தேடி வந்தது புஸ்தகம்.”

ரித்தீஷ் கோனை வாங்கி, அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

“அது எனக்குத் தெரியுதுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஆனா சட்டத்துக்குத் தெரியாதுங்களே.”

சட்டப் புத்தகத்தை ஜீப்பிலிருந்து கொண்டுவந்து முதல் பிரிவைப் படித்துக் காட்டினான். ‘நூல் என்பது நூல் என்ற பெயரால் வழங்கப்படும் அனைத்தையும் குறிக்கும். நூல் அல்லாத எதனையும் குறிக்காது.’

சித்ராதேவி தராசை விட்டு எழுந்து வந்தாள். “இதுல என்ன சொல்லியிருக்குங்க?”

“நூல்னா நூல்ங்குதுங்க.”

“அப்ப இதுவும் நூல்தானே?”

“அதத்தானுங்கக்கா நானும் சொல்றேன்,” என்றான் ரித்தீஷ், கடைசியில் ஒருத்தருக்காவது புரிந்ததே என்கிற நிம்மதியில்.

பிறகு ஆய்வு நடந்தது. மொத்தம் எத்தனை நூல் என்று கேட்டான். ஐநூறு கோன் சொச்சம் இருக்கும் என்றார் பாண்டித்துரை. ஐநூறு நூல்கள் என்று எழுதிக்கொண்டான். வகைப்பாட்டு எண் இல்லாமல் நூல் வைக்கக் கூடாது என்றான். எண் இல்லாமல் யார் நூல் விற்பார்கள் என்று பாண்டித்துரைக்கே கோபம் வந்தது. இது முப்பதாம் கவுண்ட், இது முப்பத்தி நாலு, அது நாற்பது என்று அடுக்குகளைக் காட்டினார். ரித்தீஷின் முகம் மலர்ந்துவிட்டது.

“நெறைய நூல் நிலையத்துல இந்த ஒழுங்கு இல்லீங்க. முப்பதுல என்ன மாதிரி நூலுங்க வரும்?”

“கொஞ்சம் தடியா இருக்கும். நாப்பது மெலிசு.”

‘முப்பது: தடித்த நூல்கள். நாற்பது: மெல்லிய நூல்கள்’ என்று எழுதி, நிறைவாக ஒரு கோடு இழுத்தான். அதற்கப்புறம்தான் ஆணையைச் சொன்னான். உரிமம் வரும்வரை நிலையம் தற்காலிக அனுமதியில் நடக்கலாம். ஆனால் நூல் நிலையத்தில் நூலை விற்கக் கூடாது. உறுப்பினர்களுக்கு இரவல் மட்டும் தரலாம். பதினாலு நாளில் சேதமில்லாமல் திருப்பி வாங்க வேண்டும். ஒவ்வொரு நூலிலும் ஆணைய முத்திரை இருக்க வேண்டும். வளாகத்தில் யாரும் பேசக் கூடாது.

அப்போதுதான் மகுடேஸ்வரன் வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளி காலர் மெஷின் மூன்று வைத்திருக்கிறவர். பள்ளிக்கூடச் சீருடை டி-ஷர்ட்டுக்குக் காலர் ஓட்டுகிற ஆர்டர் கையில் இருந்தது. நூல் இல்லாமல் காலையிலிருந்து மூன்று மெஷினும் நின்றிருந்தன.

“பாண்டியண்ணா, நேவி புளூ ரெண்டு மூட்டை போடுங்க. ஆளுக சும்மா உக்காந்திருக்குது.”

“விக்கக் கூடாதாம்.”

“பின்ன?”

“படிச்சிட்டுத் திருப்பித் தரணுமாம்.”

மகுடேஸ்வரன் இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் நிற்கிற மனுஷனுக்குக் கேலி ஏறாது. ரித்தீஷ் கொடுத்த உறுப்பினர் படிவத்தை அங்கேயே நின்று நிரப்பினார். விருப்பமான துறை என்ற இடத்தில் ‘காலர்’ என்று எழுதினார். நேவி புளூ இரண்டு மூட்டையையும் இரவலாக டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றுகிற லோடுமேன்கள் இரண்டு பேரும் ஒடிசாக்காரர்கள். பேசக் கூடாது என்பதைச் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது. மூட்டை காலில் விழுந்தபோது ஒருவன் சத்தமில்லாமல் குதித்தான்.

இதை இப்படியே விடக் கூடாது என்று சித்ராதேவி சொன்னாள். நேரில் போய்ச் சொன்னால் படித்தவர்களுக்குப் புரியாதா என்றாள். இரண்டு பேரும் ஒரு பையில் வெள்ளைக் கோன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூரில் இருந்த ஆணையத்தின் மண்டல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

அது பெரிய கட்டடம். நடைவழி நெடுக அலமாரிகள், அலமாரிக்குள் கோப்புகள். நூல் நிலைய ஆணையத்தில் படிக்க ஒரு புத்தகமாவது கண்ணில் படும் என்று சித்ராதேவி எட்டி எட்டிப் பார்த்தாள். பிள்ளையார் படம் போட்ட நாள்காட்டி ஒன்று இருந்தது.

உறுப்பினர் செயலர் முனைவர் தமிழ்மதி என்ற அம்மையார் இரண்டு பேரையும் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். கோனை மேஜைமேல் வைத்து பாண்டித்துரை சொல்லி முடிக்கிறவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“ஐயா, நீங்கள் சொல்வது ஆணையத்துக்குத் தெரியாததல்ல. இந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மூன்று ஆண்டுகள் அமர்ந்திருக்கிறோம். நூல் என்றால் ஏடு. நூல் என்றால் இழை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிப்பதும் நூல். தச்சர் மரத்தை அளந்து இரண்டு நூல் குறைத்து அறு என்கிறாரே, அதுவும் நூல். பட்டம் விடுவது நூலில். தோளில் போடுவதும் நூல். ஏட்டைத் தவிர மற்றதையெல்லாம் நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். நீக்கப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் வந்து வாசலில் நின்றது.”

“அப்பறம்?”

“எதையும் நீக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம். இப்போது யாருக்கும் வருத்தமில்லை.”

“கொத்தனாரு என்ன செய்வாருங்க?” என்று சித்ராதேவி கேட்டாள்.

“கொத்தனார் நடமாடும் நூல் நிலையம். வேலை செய்யும் இடம் மாறும்போதெல்லாம் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலோர் தெரிவிப்பதில்லை,” என்று சொல்லி தமிழ்மதி வருத்தப்பட்டார். “தோளில் போடுவது தனியார் சேகரிப்பில் வரும். அதற்கு விலக்கு உண்டு. இளைஞர்கள் பெண்கள் பின்னால் நூல் விடுவதாகச் சொல்கிறார்களே, அதைக் காவல் துறைக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது.”

பாண்டித்துரை கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா, நான் போர்டையே மாத்திக்கிறேன். விட்ருங்க.”

“பதிவான நூல் நிலையத்தின் பெயரை மாற்ற ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.”

“ஒப்புதல் குடுங்கம்மா.”

“நூல் நிலையங்கள் குறைந்துவிட்டன என்று சட்டமன்றத்தில் கேட்கிறார்கள். இந்த ஆண்டு எங்கள் மண்டலத்தில் புதிதாகச் சேர்ந்தது உங்களுடையது ஒன்றுதான். அதையும் இழக்கச் சொல்கிறீர்களா?” என்றார் தமிழ்மதி. அந்தக் குரலில் உண்மையான வேதனை இருந்தது. பிறகு கோனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதில் பொருள் இருக்கிறதா?”

“பொருளே அதானம்மா,” என்றார் பாண்டித்துரை.

தமிழ்மதி அதைக் குறித்துக்கொண்டார். மனு தள்ளுபடியாயிற்று. வெள்ளைக் கோனை ஆய்வுக்காக வைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து கடை நூல் நிலையமாகவே நடந்தது. முத்திரை வேலைதான் சித்ராதேவியைச் சாகடித்தது. ஆணைய விதிப்படி ஒவ்வொரு நூலிலும் முதல் பக்கம், பதினேழாம் பக்கம், கடைசிப் பக்கம் மூன்றிலும் முத்திரை குத்த வேண்டும். கோனுக்குப் பக்கம் ஏது என்று கேட்டதற்கு ரித்தீஷ் இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் போய், முதல் மீட்டர், பதினேழாம் மீட்டர், கடைசி மீட்டர் என்று விளக்கம் வாங்கி வந்தான். கடைசி மீட்டரைப் பார்க்க வேண்டுமானால் முழுக் கோனையும் பிரிக்க வேண்டும். பிரித்துக் குத்தித் திரும்பச் சுற்ற வேண்டும். சுற்றுகிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ஊதா மை வெள்ளை நூலில் இறங்கியது. அந்த நூலில் ஓட்டிய பனியன்களில் தொப்புளுக்கு நேராக ஒரு ஊதாப் பொட்டு விழுந்தது என்று சந்துக்குள் இருந்த யூனிட்காரர்கள் வந்து கத்தினார்கள். அமைதி காக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினாலாம் நாள் ரித்தீஷ் வந்தான். மகுடேஸ்வரனும் கையில் ஒரு பையோடு வந்து நின்றார். அவர் முகத்தில் தப்புச் செய்த களை இருந்தது.

“நூலத் திருப்பித் தர்றீங்களாங்க?”

மகுடேஸ்வரன் பையைக் கவிழ்த்தார். நேவி புளூ காலர் ஒன்று மேஜைமேல் விழுந்தது.

“மீதியெல்லாம் கம்பெனிக்குப் போயிருச்சுங்க. இது சாம்பிளுக்கு எடுத்து வெச்சது. நூலு இதுக்குள்ளதானுங்க இருக்குது.”

ரித்தீஷ் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விதிப் புத்தகத்தைப் புரட்டினான். உறுப்பினர் நூலின் உருவத்தை மாற்றினால் அது சேதம். சேதத்துக்கு விசாரணை, உறுப்பினர் நீக்கம். மகுடேஸ்வரன் நீக்கப்பட்டால் அடுத்த ஆர்டருக்கு அவருக்கு நூல் கிடையாது. அந்தச் சந்தில் இருக்கிற யூனிட்காரர்கள் எல்லாரும் இன்னும் இரண்டொரு நாளில் இதே இடத்தில் இதே மாதிரிப் பையைக் கவிழ்க்க வேண்டியவர்கள். பாண்டித்துரை, கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று நேற்றுத்தான் சித்ராதேவியிடம் கேட்டிருந்தார்.

ரித்தீஷ் கெட்டவன் இல்லை. இன்னும் நாலு பக்கம் தள்ளிப் படித்தான்.

“மகுடேஸ்வரண்ணா, நீங்க நூலச் சேதம் பண்ணுனீங்களா, தொலச்சிட்டீங்களா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

“தொலச்சா என்னாகுமுங்க?”

“வெலயக் கட்டிட்டாப் போதுமுங்க. விசாரண இல்ல.”

மகுடேஸ்வரன் காலரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “தொலச்சிட்டேனுங்க.”

“எங்க தொலச்சீங்க?”

“மெசின்லதானுங்க.”

‘வேலையிடத்தில் தவறவிட்டார்’ என்று எழுதப்பட்டது. அன்றிலிருந்து முதலிபாளையத்தில் வியாபாரம் மறுபடி சூடு பிடித்தது. யூனிட்காரர்கள் வருவார்கள். நூலை இரவல் வாங்குவார்கள். வாசல்படி தாண்டுவதற்குள் தொலைத்துவிடுவார்கள். அங்கேயே விலையைக் கட்டுவார்கள். பாண்டித்துரை ரசீது போடுவார். கூடுதல் வேலை என்னவென்றால், தொலைந்த ஒவ்வொரு மூட்டைக்கும் எப்படித் தொலைந்தது என்று காரணம் எழுத வேண்டும். சித்ராதேவிக்கு முதலில் கை வரவில்லை. போகப் போக அவளே ‘நாய் தூக்கிக்கொண்டு போனது’ என்றும் ‘மொய் எழுதிவிட்டார்’ என்றும் எழுதப் பழகினாள். ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் எண்களை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் ஆணையம் கணக்கெடுத்தபோது, மாநிலத்திலேயே அதிக நூல்கள் இரவல் போன நிலையம் முதலிபாளையம் பாண்டித்துரை நூல் நிலையம் என்று தெரியவந்தது. இரண்டாம் இடத்தில் வந்தவர் வெள்ளகோவிலில் ஒரு கொத்தனார்.

நூல் வார விழாவைத் திருப்பூரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பாண்டித்துரைக்குச் சால்வை, கேடயம். மேடையில் அவரை நடுவில் உட்கார வைத்து, முன்னால் மேஜையில் அவருடைய கோன் ஒன்றைப் பட்டுத் துணிமேல் நிறுத்தியிருந்தார்கள். கோயம்புத்தூரில் ஆய்வுக்கு வைத்துக்கொண்ட அதே வெள்ளைக் கோன்தான். ஆணையத் தலைவர் பேச எழுந்தார். அவர் எழுதிய நூல்களின் பட்டியலையே வரவேற்புரை சொன்னவர் கால் மணி நேரம் வாசித்திருந்தார்.

“சென்ற ஆண்டு மட்டும் முப்பத்திரண்டு நூல்களை எழுதி வெளியிட்டேன்,” என்று தலைவர் ஆரம்பித்தார். “அவற்றை ஆணையமே வாங்கி ஆணையத்தின் கிடங்கிலேயே பாதுகாக்கிறது. ஒன்றுகூட இதுவரை தொலைந்ததில்லை. வெளியே எடுத்தால்தானே தொலையும் என்று சிலர் பொறாமையில் பேசுகிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். வாசகன் என்ற ஒருவன் இருந்தால் அவன் வந்து கேட்கட்டும். நாங்கள் மறுத்தோமா? அவன் வரவில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்.”

கைதட்டல் அடங்கியதும் கோனைக் கையில் ஏந்தினார்.

“இந்நூலை நேற்றுத்தான் என்னிடம் தந்தார்கள். வழக்கமாக நான் நூல்களை அணிந்துரை எழுதும் அளவுக்குத்தான் பார்ப்பேன். இதைக் கீழே வைக்க முடியவில்லை. என்ன மென்மை. என்ன நேர்த்தி. தொடக்கம் முதல் ஒரே இழை, எங்கும் அறுபடவில்லை. இன்றைய எழுத்தில் காண முடியாத சீர்மை. ஒரு முடிச்சுகூட இல்லை என்று நம் திறனாய்வாளர்கள் குறை சொல்லலாம். முடிச்சு இல்லாமல் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக யாரால் முடியும்? இதன் ஆசிரியர் யார்?”

மேடையில் எல்லாரும் பாண்டித்துரையைப் பார்த்தார்கள்.

“மில்லுக்காரங்கய்யா,” என்றார் அவர்.

“கூட்டு முயற்சி,” என்று தலைவர் கூட்டத்துக்கு விளக்கினார். “இந்த ஊரில் நூல் வாங்கிய ஒருவர்கூட அதைத் திருப்பித் தரவில்லையாம். கடிந்துகொள்ள வேண்டும் என்றார் நம் செயலர். வேண்டாம் என்றேன். பிரிய மனமில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். இதுவல்லவா வாசிப்பு.”

சித்ராதேவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சால்வையோடு இருந்த புருஷனைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. கேடயத்தைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

விழா முடிந்து பத்து நாள் போனது. ஒரு சாயங்காலம், ஷிப்ட் விட்ட நேரம், ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்று போர்டை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி போர்டைப் பார்த்தாள். எதிரே பெரிய கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிற முத்துப்பேச்சி அவள். சங்கரன்கோவில் பக்கம்.

“அண்ணாச்சி, நூல் நிலையம் எங்க இருக்கு?”

“இதாம்மா.”

“புஸ்தகமெல்லாம்?”

பாண்டித்துரை அடுக்கியிருந்த கோன்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பெண்கள் எழுபது பேர் கையெழுத்துப் போட்டு, ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகம் வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஆணையத்திலிருந்து வந்த பதில் அது. ‘தங்கள் பகுதியில் மாநிலத்தின் மிகச் சிறந்த நூல் நிலையம் ஏற்கெனவே சிறப்பாக இயங்கி வருவதால் மற்றொன்றுக்கான தேவை எழவில்லை.’

“குரூப் ஃபோர் எழுதப் போறேன் அண்ணாச்சி. ரூம்ல பதினோரு பேரு. லைட்டப் போட்டா ஏசுதாளுவ. புஸ்தகம் வாங்குததுக்கும் வழியில்ல. எதுக்க இவ்வளவு பெரிய போர்டு இருக்கு, நானும் தெனம் பாத்துக்கிட்டே போயிருக்கேன். நூல் கடைன்னுதான் நெனச்சேன். இந்தக் கடுதாசி வந்த பொறவுதான், அப்பம் உள்ள புஸ்தகமும் இருக்கும்போலன்னு வந்தேன்.”

அவள் குறைசொல்கிற மாதிரிப் பேசவில்லை. அதுதான் பாண்டித்துரையைக் குத்தியது. சால்வை வாங்கினபோது வராத கூச்சம் இப்போது வந்தது. ஒரு பெண் பிள்ளை படிக்கிறதுக்குக் குறுக்கே தன் கடை போய்ப் படுத்துக் கிடக்கிறதே என்று இருந்தது. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சித்ராதேவியைக் கடையில் விட்டுவிட்டுத் திருப்பூர் டவுனுக்குப் போய், பழைய பேப்பர் கடைகளாக ஏறி இறங்கி, வண்டியில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். கிழிந்த அட்டையோடு தேர்வு வழிகாட்டிகள், பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள், நாவல்கள், அட்டையே இல்லாத சமையல் குறிப்பு ஒன்று. முப்பதாம் கவுண்ட் அடுக்கைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் அடுக்கினார்.

“நூல் நிலையம்னு போர்டு வச்சிருக்கோம். கேடயமும் வாங்கியாச்சு. ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

“உங்களுக்கு இப்பத்தான் புத்தி வருது,” என்றாள் சித்ராதேவி. டியூப் லைட் ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னாள்.

முத்துப்பேச்சி முதலில் தனியாக வந்தாள். பிறகு இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். ஷிப்ட் முடிந்த பெண்கள் நூல் மூட்டைகள்மேல் உட்கார்ந்து படித்தார்கள். யாரும் பேசக் கூடாது என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. வாங்கிப் போனவர்கள் சொன்ன நாளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றும் தொலையவில்லை. அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது என்று பின்னால் ரித்தீஷ் சொன்னான். சித்ராதேவி எழுதிய பதிவேட்டில் நூல்கள் திடீரென்று திரும்பி வர ஆரம்பித்ததும் மண்டல அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

ஜீப் சாயங்கால நேரத்தில் வந்தது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ரித்தீஷ் அடுக்கைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றுவிட்டான்.

“இதென்னங்க இது?”

“புஸ்தகம் தம்பி.”

“இங்க எப்படிங்க வந்துச்சு?”

“நூல் நிலையத்துல புஸ்தகம் இருக்கிறது ஒரு குத்தமா?” என்று கேட்டாள் சித்ராதேவி.

“சட்டத்துல நூல்தானுங்கக்கா இருக்குது. புத்தகம்னு ஒரு வார்த்தையே இல்லீங்க. அது வடசொல்னு ஆணையத்துல ஒரு உறுப்பினர் வெளிநடப்புப் பண்ணிட்டாருங்களாம். அதனால எடுத்துட்டாங்க.”

முத்துப்பேச்சி கையிலிருந்த வழிகாட்டியை அவனிடம் காட்டினாள். “இதுவும் நூல்தானே சார்?”

ரித்தீஷ் அதை வாங்கினான். வாங்கியதும் அவன் முகம் மாறியது. பக்கங்களைப் புரட்டினான். ஓரிடத்தில் நிறுத்தி, தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி லேசாகச் சிரித்தான்.

“நானும் இதத்தானுங்க படிச்சுப் பாசானேன்.”

“அப்ப நூல்னே எழுதிக்கிடுங்க சார்.”

அவனுக்கும் ஆசைதான். விதிப் புத்தகத்தையும் நிலையத்தின் பதிவையும் இரண்டு தடவை பார்த்தான். பிறகு பாண்டித்துரையிடம், “இது எத்தனாவது கவுண்ட்டுங்க?” என்று கேட்டான்.

“புஸ்தகத்துக்கு ஏது தம்பி கவுண்ட்?”

“இந்த நிலையத்துல நூல்னா கவுண்ட் இருக்கோணுமுங்க. பதிவு அப்படித்தான் இருக்குது. கவுண்ட் இல்லாத பொருள் நூலாகாதுங்க.” அவன் குரல் தணிந்துவிட்டது. “என்ன தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் பணி நிரந்தரம் ஆகலீங்க.”

புத்தகங்களை மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ‘நூல் நிலையத்தில் சட்டவிரோதமாக வைத்திருந்த புத்தகங்கள், இரண்டு மூட்டை’ என்று எழுதி பாண்டித்துரையிடம் கையெழுத்து வாங்கினான் ரித்தீஷ். பெண்கள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க சார் கொண்டு போறிய?” என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

“ஆணையத்துக் கிடங்குக்குங்க.”

“அங்க யாராவது எடுத்துப் படிச்சிருவாகளா?”

ரித்தீஷ் நேர்மையாக யோசித்தான். “இல்லீங்க. அங்க அந்தப் பழக்கமில்லீங்க.”

“அப்பம் சரி. கிழியாம இருக்கும்.”

ஜீப் போனது. பிறகு முத்துப்பேச்சி தான் உட்கார்ந்திருந்த மூட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு நாவலை இழுத்தாள். இன்னொருத்தி துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். சித்ராதேவி தராசுக்கு அடியில் செருகியிருந்த இரண்டை எடுத்துத் தூசி தட்டினாள். பாண்டித்துரைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாளே மறுபடி பழைய பேப்பர் கடைக்கு வண்டியை விட்டார்.

இப்போது முன்பக்கத்தில் நூல் மட்டும்தான் இருக்கிறது. யார் வந்து பார்த்தாலும் ஐநூறு கோனும் அடுக்கு குலையாமல் நிற்கும். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். பெண்கள் பின்பக்கச் சந்து வழியாக ஒவ்வொருத்தியாக வருவார்கள், டிபன் பைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போவார்கள்.

மகுடேஸ்வரன் ஒருநாள் அந்த நேரத்தில் அவசரமாகச் சிவப்பு நூல் தொலைக்க வந்தவர், இதைப் பார்த்துவிட்டார். பாண்டித்துரையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏனுங்க பாண்டியண்ணா, பொறகால என்னமோ நடக்குதாட்ட இருக்குது. வேற ஏதாச்சும் தொழில்ல எறங்கிட்டீங்களா? கஞ்சா கிஞ்சா இல்லீங்களே?”

“சே சே. புஸ்தகம் மகுடு.”

மகுடேஸ்வரன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மெல்லப் பேசுங்க,” என்றார்.